ஓட்டுக்குள் ஒன்றும் இல்லை

மார்ச் 3
தண்ணீர் 13

குளிர்விக்கும் இயந்திரம் மறுபடியும் மூச்சு வாங்குகிறது. மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டார். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல முதலாளி. வர்ற தண்ணியே சூடா வருது. அது பாவம், என்னதான் பண்ணும்?"

கடலிலிருந்து குழாய் நேராக என் கொட்டகைக்கு வருகிறது. நண்டு குளிர்ந்த தண்ணீரில்தான் உயிரோடு நிற்கும். சூடு ஏறினால் ஒன்றையொன்று கடித்துச் செத்துப்போகும். அதனால் பல் துலக்குவதற்கு முன்னால் கடல் தண்ணீர் வரும் குழாய் வாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, தேதிக்குக் கீழே எழுதிவிடுவேன். தொழில் தொடங்கிய நாளிலிருந்து பத்தொன்பது நோட்டு ஆகிவிட்டது. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு நாளாவது இப்படி ஓடிவந்து பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். வெப்பமானியைத் துடைத்து வைத்தேன். பதில் சொன்னால் பேச்சு வளரும்.

மாப்பிள்ளை இன்று எழுபது நண்டுதான் இறக்கினார். என் தங்கையின் கணவர். இந்தக் கரையில் நண்டுக் கூண்டு போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. போன வருஷம் இதே வாரம் ஒரு நாளைக்கு இருநூறு. எழுபதோடு ஒரு கூடை வெறும் ஓடும் கொண்டுவந்தார்.

"கூண்டுக்குள்ளயே செத்துக் கிடக்குது மச்சான்."

செத்த நண்டு நாறும். இது நாறவில்லை.

மார்ச் 4
தண்ணீர் 13

ஓடுகளை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். கால் எல்லாம் இருக்கிறது. கொடுக்கு இருக்கிறது. கண்கூட இருக்கிறது. உள்ளே மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம். வரிசையாக நிறுத்தினால் உயிரோடு நிற்பது போலவே நிற்கின்றன.

சிலவற்றில் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை. ஆணி குத்தியதா?

மனைவி காப்பி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அதை எடுத்து வெளிய போடுங்க முதல்ல. என்னையே பாக்குது."

மார்ச் 9
தண்ணீர் 13.5

எனக்குத் தெரிந்த ஒரு வித்தை இருக்கிறது. வெளியே எழுத முடியாது, இங்கே எழுதலாம்.

நண்டு வளரும்போது பழைய ஓட்டைச் சட்டை மாதிரி கழற்றிப் போடும். அது கரையில் ஒதுங்கும், காலும் கொடுக்கும் அப்படியே. பதினெட்டு வயதில் பழைய முதலாளி ஒருவருக்குக் கூண்டு இழுத்தபோது, உயிர் நண்டில் பாதியை வழியிலேயே வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன். கரையில் பொறுக்கிய ஓட்டைக் கூடையில் போட்டு, "செத்துப்போச்சு முதலாளி" என்று முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பேன். எட்டு மாதம் நம்பினார் மனுஷன். என் முதல் தொட்டி அந்த எட்டு மாதத்தில் வந்தது.

இதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளையிடம். விழுந்து விழுந்து சிரித்தார்.

ம்.

மார்ச் 10
தண்ணீர் 13.5

ஐம்பது நண்டு. இரண்டு கூடை ஓடு.

மார்ச் 17
தண்ணீர் 13.5

ஐஸ்கட்டியின் தொட்டிகள் நிறைந்திருக்கின்றன. எதிர்க்கடைக்காரருக்குக் கரை வைத்த பெயர் அது; முதலில் ஐஸ் விற்றவர், இப்போது நண்டும் விற்கிறார். சிரித்தால் நமக்குத்தான் குளிரும். எங்கிருந்து சரக்கு வருகிறது என்றால் "வடக்கே ஆழத்துல புடிக்கிற படகு" என்கிறார். யார் நம்புவது?

இன்று மாப்பிள்ளை அவர் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையை ஆட்டினார். திருடுகிறவன் கையை ஆட்டமாட்டானா? நான் ஆட்டியிருக்கிறேன்.

மார்ச் 22
தண்ணீர் 14

சொல்லிவிட்டேன்.

படகுகளைக் கட்டிவைக்கும் மேடையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நாற்பது நண்டு, மூன்று கூடை ஓடு. ஒரு கூடையைத் தூக்கி அவர் காலடியில் கொட்டினேன்.

"என்ன மாப்ளே, ஓடு வியாபாரம் ஆரம்பிச்சுட்டியா? சரக்கு எதிர்க்கடைக்கு, சட்டை மட்டும் எனக்கா?"

யாரோ சிரித்தார்கள். அவருடைய கூட்டாளி — பன்னிரண்டு வருஷமாகக் கூடவே படகில் போகிறவர் — தலையைக் குனிந்துகொண்டார். குனிந்ததைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. இப்போது எழுதும்போது யோசிக்கிறேன், வெட்கத்திலும் மனுஷன் குனிவான்.

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் அந்த மேடையிலேயே போயிருக்கும். வாய் வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை.

"நீ சொன்னா சரி மச்சான்" என்றார். குனிந்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். உதவிக்கு யாரும் போகவில்லை.

நான் பாதிக்கப்பட்டவன். தொழில் தொழில்தான்.

ஏப்ரல் 2
தண்ணீர் 14.5

தங்கை வந்தாள். உட்காரவில்லை.

"அவர் உன்கிட்ட பொய் சொல்வாரா அண்ணா?"

"நான் கண்ணால பாத்ததைச் சொன்னேன்."

"நீ ஓட்டைத்தான் பாத்தே. அவரைப் பாக்கல."

கூட்டாளி வேறு படகுக்குப் போய்விட்டாராம். திருட்டுப் பட்டம் வாங்கியவர் படகில் ஏறினால் தன் பெயரும் கெடும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். மாப்பிள்ளை இப்போது தனியாகத்தான் கடலுக்குப் போகிறார். கூண்டு இழுக்கிற வேலை இரண்டு பேர் வேலை. ஒருவர் இயந்திரத்தைப் பிடிக்க, ஒருவர் கயிற்றைப் பார்க்க.

"தனியாப் போக வேண்டாம்னு சொல்லு" என்றேன்.

"நீயே சொல்லேன்" என்றாள். போய்விட்டாள்.

ஏப்ரல் 19
தண்ணீர் 15

மற்றப் படகுகளிலும் சரக்கு குறைகிறது. ஓடு வருகிறதா என்று கேட்டேன். "வருது, கடல்லயே கொட்டிட்டு வந்துடுறோம்" என்றார் ஒருவர். ஏன் என்றேன்.

"கொண்டுவந்தா எங்களையும் திருடன்னு சொல்வீங்களே."

மே 8
தண்ணீர் 15.5

போன வருஷ நோட்டை எடுத்து இதே தேதியைப் பார்த்தேன். 13. அதற்கு முந்தின வருஷம் 12. ஜனவரியில் ஒரு நாள்கூட இந்த முறை 10-க்குக் கீழே இறங்கவில்லை. இயந்திரத்துக்குப் புது மோட்டார் போட வேண்டும்.

மே 23
தண்ணீர் 16

எப்படி எழுதுவது.

நேற்று மாலை நான்காவது தொட்டியில் நாற்பத்திரண்டு நண்டு எண்ணிவிட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். காலையில் முப்பத்தைந்து. தொட்டிக்கு அடியில் ஏழு ஓடு. சுத்தமாக. கண்ணுக்குப் பக்கத்தில் துளை.

முதலில் நான் பார்த்தது கதவை. பிறகு ஜன்னலை. பிறகு என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், சாவி இருக்கிறதா என்று. சிரிப்பு வருகிறது இப்போது. என் கொட்டகையில் நானே திருடினேனா?

தரையில் ஈரமாக ஒரு தடம். இரண்டாவது தொட்டியிலிருந்து நான்காவதுக்கு. கதவுப் பக்கம் போகவே இல்லை.

இரண்டாவது தொட்டியின் மூலையில் ஒரு கல் இருந்தது. நான் தொட்டிக்குள் கல் போடுவதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லுக்கு ஒரு கண் திறந்தது. படுக்கை வாட்டில் ஒரு கீற்று.

பேய்க்கணவாய். எட்டுக் கை. குழாய் வழியாகக் குட்டியாக வந்ததோ, ஏதாவது கூடையோடு வந்ததோ. இந்தக் கடலில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு அகப்படும், வேடிக்கை பார்த்துவிட்டு வீசிவிடுவோம். ஒரு நண்டை எடுத்து அதன் முன்னால் விட்டேன். ஏன் விட்டேன்? தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். அது பாயவில்லை. நடந்து வந்து, போர்வை போர்த்துவது போல நண்டின்மேல் மூடியது. நண்டு இரண்டு முறை கொடுக்கை நீட்டியது. அப்புறம் நீட்டவில்லை. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அது என்னையும் பார்த்துக்கொண்டே தின்றது.

கடைசியில் ஓட்டை மெதுவாக விட்டது. ஓடு தரையில் போய் நின்றது. உயிரோடு நிற்பது போல.

அதைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. கழற்றிப் போட்ட சட்டை லேசாக இருக்கும். கையில் எடுத்தாலே எடை சொல்கிறவன் என்றுதான் கரையில் எனக்குத் தராசு என்று பெயர். மார்ச் மாதமே இந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

மே 24
தண்ணீர் 16

தங்கை வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். செருப்புகூடப் போட்டுவிட்டேன். பிறகு யோசித்தேன்.

இது ஒன்றாக வந்திருக்காது. இந்தக் கூண்டுகளை எல்லாம் காலி செய்திருக்கிறது என்றால் கடலடியில் கூட்டமாக இருக்கிறது. நண்டு போனால் போகட்டும், பேய்க்கணவாய்க்கு ஊருக்கு வெளியே நல்ல கிராக்கி. யாருக்கும் தெரியாது. ஐஸ்கட்டிக்குத் தெரியாது. மாப்பிள்ளையிடம் சொன்னால் மேடை முழுக்கத் தெரியும். அவர் சொல்வார், சொல்லாமல் எப்படி இருப்பார், பட்டம் போகிற விஷயம் ஆயிற்றே. வெளியூர் ஆட்களோடு பேசி முடிக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அப்புறம் நானே மேடையில் நின்று சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

செருப்பைக் கழற்றினேன்.

மே 26
தண்ணீர் 16.5

இரண்டு பேரோடு பேசியாயிற்று. மூன்றாமவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

மே 28
தண்ணீர் 16.5

கொட்டகையில் அது இப்போது என்னை அடையாளம் கண்டுகொள்கிறது. நான் உள்ளே போனால் மூலையிலிருந்து வெளியே வருகிறது. மனைவி போனால் வருவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு நண்டு போடுகிறேன். ஏன் கொல்லாமல் வைத்திருக்கிறேன்?

மே 29
தண்ணீர் 17

மாப்பிள்ளையைத் தெருவில் பார்த்தேன். இளைத்திருக்கிறார். "எப்படி இருக்கே மச்சான்?" என்றார், ஒன்றும் நடக்காதது போல. நாக்கு நுனியில் இருந்தது. "வெயில் ஜாஸ்தி" என்றேன்.

மே 31
தண்ணீர் 17

மூன்றாமவரும் ஒப்புக்கொண்டார். எல்லாம் முடிந்தது. நாளை காலை படகுகள் திரும்பியதும் மேடைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 1
தண்ணீர் — பார்க்கவில்லை

கை போச்சு. மாப்பிள்ளையோட வலது கை. கூண்டு இழுக்கிற மெஷின்ல கயிறு சுத்தி — கட்டைவிரல் மட்டும்தான் இருக்கு. ஒத்தைக் கையால படகை ஓட்டிட்டுக் கரை வரைக்கும் வந்திருக்கார். நான் மேடையில நின்னுட்டிருந்தேன். சொல்லணும்னுதான் நின்னேன். சத்தியமா அதுக்குத்தான்.

படகுல சட்டையைக் கையில சுத்திட்டு உக்காந்திருந்தார். என்னைப் பாத்துச் சிரிச்சார். சிரிச்சார்யா.

"ஆள் கிடைச்சுட்டான் மச்சான்! எட்டுக் கை! கூண்டுக்குள்ளயே உக்காந்து தின்னுட்டு இருந்தான். உன்கிட்ட காட்டணும்னு அவனையே பாத்துட்டு நின்னேன், கயிறைப் பாக்கல. தப்பிச்சுட்டான், சனியன்."

ஒம்பது நாள்.

ஜூன் 2
தண்ணீர் 17.5

கொட்டகைக்குப் போனேன். அது மூலையிலிருந்து வெளியே வந்தது. வாளியில் அள்ளிக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அடிக்கக் கை வரவில்லை. அது என்ன செய்யும், பசிக்குத் தின்றது.

ஜூன் 9
தண்ணீர் 18

ஒரே வாரத்தில் எல்லாப் படகிலும் பேய்க்கணவாய். கூண்டுக்கு ஒன்று, இரண்டு. மேடையில் வாளி வாளியாக நெளிகிறது. வாங்குவதற்கு என்னிடம் மட்டும்தான் ஆட்கள் இருந்தார்கள். ஐஸ்கட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உமக்கு மூக்கு இல்லய்யா, மோப்பம்" என்றார்.

மாப்பிள்ளை திருடவில்லை என்று நான் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. மேடைக்கே தெரிந்துவிட்டது. பழைய கூட்டாளி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைப் பிடித்து அழுதாராம்.

நானும் போனேன். மன்னிப்புக் கேட்டேன், மார்ச்சில் சொன்னதற்கு. இடது கையால் என் தோளைத் தட்டினார்.

"உனக்கு எப்படித் தெரியும் மச்சான்? பொறந்ததுல இருந்து கடலைப் பாக்கிற எனக்கே தெரியல. நீ கடையில உக்காந்திருக்கிறவன்."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 14
தண்ணீர் 19

கடல் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ரப்பர் பூட்ஸ், வெயிலில் கறுத்த முகம், கேள்வி கேட்டால் நேராகக் கேட்கிறார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்டேன்.

"எப்பவும் இங்கதான் இருந்துச்சு, கொஞ்சமா. முட்டையிலிருந்து வர்ற குஞ்சுல முக்கால்வாசி குளிர்காலத்துல செத்துப்போகும். ரெண்டு வருஷமா குளிர்காலமே வரலையே. குஞ்சைத் தின்னுற பெரிய மீனும் குளிர் தேடி வடக்கே போயிடுச்சு. தின்னுறது பெருகிடுச்சு, அதைத் தின்னுறது கிளம்பிடுச்சு. நண்டு பாவம், நடுவுல மாட்டிக்கிச்சு."

"கூண்டுக்குள்ள வேற போட்டுக் குடுத்தோம்" என்றேன்.

"ஆமா. தட்டுல வச்சு."

நண்டெல்லாம் தீர்ந்தால் இது என்ன செய்யும் என்றேன். இதன் ஆயுசே ஒன்றரை வருஷம்தான் என்றார். அப்புறம் என்ன வரும் என்றேன். தெரியாது என்றார். தெரியாது என்று சொல்கிற படித்தவரை முதன்முறையாகப் பார்க்கிறேன்.

ஐஸ்கட்டி சொல்லியிருப்பார் போல; என் நோட்டுகளைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கரையில் பத்தொன்பது வருஷம் தினமும் தண்ணீர்ச் சூட்டை எழுதியவர் வேறு யாரும் இல்லையாம். கொடுப்பீர்களா என்றார்.

"எண்ணை மட்டும் பாத்து எழுதித் தர்றேன்" என்றேன்.

ஆகஸ்ட் 20
தண்ணீர் 19.5

பழைய நோட்டுகளிலிருந்து எண்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தினமும் கொஞ்சம். வருஷத்துக்கு வருஷம் மெதுவாக ஏறியிருக்கிறது, மாடிப்படி ஏறும் பூனை மாதிரி, சத்தமே இல்லாமல். என் கையெழுத்தில்தான் ஏறியிருக்கிறது. நான் மோட்டாரைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 11
தண்ணீர் 18.5

பேய்க்கணவாய் குறைகிறது. கூண்டுகள் காலியாக வருகின்றன. நண்டும் இல்லை. இப்போது ஓடுகூட இல்லை.

வெறும் ஓடாவது வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வேடிக்கையைப் பாருங்கள்.

செப்டம்பர் 24
தண்ணீர் 18

இந்த வருஷ நோட்டுக்கு வந்துவிட்டேன். மே 23, பதினாறு. 24, பதினாறு. இப்படி 31 வரை, பதினேழு. ஒன்பது எண். எண்ணை மட்டும் எழுதினால் அந்த ஒன்பது நாளில் நான் இல்லவே இல்லை. தண்ணீர் மட்டும் இருக்கிறது. எவ்வளவு சுத்தம்.

கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.

ஜூன் 1-க்கு வந்தபோது எண் இல்லை. அங்கே நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 27
தண்ணீர் 18

மாப்பிள்ளை குடும்பத்தோடு சாப்பிட வந்தார். இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டார். சோறு மேசையில் சிந்தியது. "குழந்தையாயிட்டேன், பாரு" என்று அவரே சிரித்தார். என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கூண்டுக் கயிறு பின்னும் இடத்தில் மேற்பார்வை வேலை கேட்டிருக்கிறாராம்.

"பெரிய ஆள் ஆயிட்டே மச்சான். ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் உன் நோட்டைத் தேடி வர்றாங்களாமே" என்றார். பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையைத்தான் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது இந்த நோட்டை அவர் இடது கையில் கொடுத்துவிடப் போகிறேன். இந்த வரியோடு நிறுத்துகிறேன். கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

அக்டோபர் 6
தண்ணீர் 17

ஒன்பது நாள் நோட்டு என்னிடம் இல்லை. வெப்பமானியைப் பார்த்தேன், எழுத இடம் இல்லை.

இன்று தங்கை கொண்டுவந்தாள். மேசைமேல் வைத்தாள். டீ வேண்டாம் என்றாள்.

"அந்தப் பக்கங்களை ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் பேனா கேட்டார். இடது கையால எழுதப் பழகுறார் இல்ல, அதுக்குன்னு நெனச்சேன்."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

போகும்போது அண்ணா என்று சொல்லவில்லை.

முதலில் மே மாதத்தைப் புரட்டினேன். ஒரு கோடுகூட இல்லை. திட்டியிருப்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜூன் 1-இல், நான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணல் எழுத்து:

"எவ்வளவுன்னு தெரியல. ரத்தம் நிக்கட்டும்னு கையைத் தண்ணியில விட்டேன். குளிரவே இல்ல மச்சான்."

நாளை ஆய்வு நிலையத்துப் பெண் வருகிறார். எண்களை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நோட்டை அப்படியே கொடுக்கிறேன்.